நாடி தாளம் தப்புகிறது, உடம்பில் தொந்தரவு இல்லை: என்ன செய்வது?

ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப். கம்மவான்பேட்டைப் பையன் ராணுவத் தேர்வுக்கு முன் சொந்தச் செலவில் எடுத்துப் பார்க்கும் இ.சி.ஜி. காட்பாடியில் ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் மகள் வாங்கி வைத்த பி.பி. மெஷின். கல்லூரிப் பிள்ளையின் கையில் ஸ்மார்ட் வாட்ச். பெரும்பாலும் இந்த நாலு வழியில்தான் சேதி வருகிறது. ஆள் நன்றாக இருக்கிறார், மாடி ஏறுகிறார், பசிக்கிறது, தூங்குகிறார். தாளில் மட்டும் 'அரித்மியா' என்று அச்சாகியிருக்கிறது. அன்று ராத்திரியிலிருந்து தூக்கமும் போய்விடும்.

அந்தச் சொல்லுக்கு ஒழுங்கு தப்பிய துடிப்பு என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. இதயம் சுவர்க் கடிகாரம் போல அடிப்பதே கிடையாது. 1977-இல் இதய நோய் இல்லாத 50 மருத்துவ மாணவர்களுக்கு 24 மணி நேரம் இ.சி.ஜி. பதிவு செய்து பார்த்தார்கள். சரிபாதிப் பேருக்குக் கீழறையிலிருந்து வரும் எக்ஸ்ட்ரா துடிப்பு, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மேலறையிலிருந்து வரும் எக்ஸ்ட்ரா துடிப்பு. ஆகவே தப்புகிறதா என்பது சரியான கேள்வி அல்ல. எந்த விதமாகத் தப்புகிறது, அடிக்கிற இதயம் நல்ல இதயமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும். முதல் கேள்விக்குப் பாதி பதில் வீட்டிலேயே கிடைக்கும்.

முதலில் விரல்

டீ, காபி, சிகரெட், மாடிப்படி எதுவானாலும் அரை மணி நேரம் கழியட்டும். நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் பள்ளத்தில் வலது கையின் மூன்று விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, அதை எண்ணிவிடுவீர்கள். லேசாக அழுத்தினால் போதும். பலமாக அழுத்தினால் நாடி மறையும்.

முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குத்தான் சரி. தடுமாறும் நாடியில் அந்தப் பதினைந்து விநாடியில் எது சிக்கியதோ அது நாலு மடங்காகிவிடும். எண்ணும்போதே காலால் தாளம் போடுங்கள். கால் எங்கே ஏமாறுகிறது என்று கவனித்தால் மூன்று விதங்களில் ஏதாவது ஒன்று புலப்படும்.

ஒன்று, மூச்சோடு கூட வரும் மாற்றம். ஐந்து விநாடி மெதுவாக இழுத்து, ஐந்து விநாடி விடுங்கள். இழுக்கும்போது நாடி விரைந்து, விடும்போது தளர்ந்தால் அதுதான் சைனஸ் அரித்மியா. மூச்சை உள்ளே இழுக்கும்போது, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பத்து விநாடி மூச்சை அடக்கினாலோ இரண்டு நிமிஷம் வேகமாக நடந்தாலோ தாளம் சீராகிவிடும். சின்ன வயசிலும் நன்றாக ஓடுகிறவர்களிடமும் இது தூக்கலாக இருக்கும். வயசாக ஆகக் குறையும், சர்க்கரை நரம்பைத் தொட்டவர்களுக்கு மறைந்தே போகும். இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டிய அரித்மியா இது. இதைப் போய் நோய்ப் பட்டியலில் அச்சடிக்கிறது இ.சி.ஜி. மெஷின்.

இரண்டு, சீராகப் போய்க்கொண்டே நடுவில் ஒன்று விடுவது. விட்டது போலத் தெரிந்தாலும் இதயம் அடித்துத்தான் இருக்கிறது, சீக்கிரமாக. ரத்தம் நிரம்புமுன் அடித்ததால் வெளியே போனது கொஞ்சம். அந்த அலை மணிக்கட்டுவரை வந்து சேரவில்லை. அடுத்து ஒரு நீண்ட இடைவெளி, அதில் நிறைய ரத்தம் நிரம்பி, அதற்கடுத்த அடி பலமாக விழும். சிலருக்கு நெஞ்சில் 'திடுக்' என்பது அந்தப் பலமான அடிதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலருக்கு ஒன்றுவிட்டு ஒன்று எக்ஸ்ட்ரா துடிப்பாகவே வரும். இதயம் நிமிஷத்துக்கு 76 அடிக்க, மணிக்கட்டில் 38 தான் கிடைக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் பி.பி. மெஷினும் அதே 38-ஐக் காட்டும். இதயத்துடிப்பு குறைந்துவிட்டது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டுமோ என்று வீடே கலங்கும். வீட்டில் ஒருவர் நெஞ்சில் காதை வைத்து எண்ணட்டும், அதே நிமிஷம் இன்னொருவர் மணிக்கட்டில் எண்ணட்டும். நெஞ்சில் கிடைக்கும் எண் கையில் கிடைப்பதைவிட நிறையக் கூடுதலாக இருந்தால் குறைந்தது துடிப்பல்ல, கைக்கு வந்து சேர்வதுதான். ஆனாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்து உறுதி செய்துவிடுங்கள்.

மூன்று, எந்தக் கணக்குக்கும் அடங்காதது. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. அடுத்தது எப்போது விழும் என்று கால் ஒரு முறைகூடச் சரியாகச் சொல்லாது. ஒரு அடி பலம், ஒரு அடி மெலிவு. மூச்சை அடக்கினாலும் நடந்தாலும் சீராகாது. மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப்., இப்படித்தான் இருக்கும். தொந்தரவு இல்லையென்று இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. காரணம் கீழே.

பி.பி. மெஷினும் வாட்ச்சும்

பி.பி. மெஷினில் ஒழுங்கற்ற துடிப்பைக் குறிக்கும் இதயப் படம் மின்னுவது, அளக்கும்போது துடிப்பு இடைவெளிகள் சராசரியிலிருந்து நிறைய விலகின என்பதற்கு அடையாளம். பேசினாலும், கை அசைந்தாலும், பட்டை தளர்ந்திருந்தாலும் மின்னும். ஒரு நிமிஷ இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். மூன்றிலும் மின்னினால் விரலால் பாருங்கள். தாளம் தடுமாறும் நாளில் பி.பி. எண்ணும் அலைபாயும். கடைசி இரண்டின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலாவதை விடுங்கள்.

வாட்ச் இரண்டு வேலை செய்கிறது. பச்சை வெளிச்சத்தால் தோலுக்கடியில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது ஒன்று. இது சந்தேகம் மட்டுமே சொல்லும். விரலை வைத்து 30 விநாடி எடுக்கும் ஒற்றைக்கோட்டு இ.சி.ஜி. இன்னொன்று, இது டாக்டரிடம் காட்டத் தகுந்த சாட்சி. 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 4,19,297 பேர் வாட்ச் கட்டினார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதத்தினருக்கு. பிறகு நெஞ்சில் ஒட்டுப்பட்டை போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். இருந்தது. வந்து வந்து போகிற நோய் என்பதால் மீதிப்பேருக்கு வாட்ச் பொய் சொன்னது என்றும் சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்தால் ஈரம் இல்லாத கையில், பட்டையை ஒரு துளை இறுக்கி, இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அந்த இ.சி.ஜி.யை எடுத்து பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். திரையைப் போட்டோ எடுத்தால் பாதிக் கோடுகள் தெரியாது.

தாளில் எதைப் பார்ப்பது

இ.சி.ஜி. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி. தாள் முழுக்கப் பத்து விநாடி என்றால், அடியில் ஓடும் நீளக்கோட்டில் உள்ள உயரமான முனைகளை எண்ணி ஆறால் பெருக்குங்கள். தாளம் தப்பும்போது இதுதான் நம்பகமான வழி. ஒவ்வொரு முனைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதா பாருங்கள். அந்த மேடு இல்லாமல், முனைகளின் இடைவெளியும் கண்டபடி இருந்தால் ஏ.எஃப். சந்தேகம்.

மெஷின் தானாக அச்சடிக்கும் வரிகளை அப்படியே நம்ப வேண்டாம். கை ஒயர்கள் இடம் மாறினால் முதல் லீடு, அதாவது தாளின் முதல் கோடு, முழுக்கத் தலைகீழாக வரும், மெஷின் பெரிய பெரிய நோயாக எழுதும். படுத்தவர் குளிரில் நடுங்கினாலும், ஒயர் பக்கத்தில் செல்போன் கிடந்தாலும் கோடு முள்முள்ளாக வரும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் டெக்னீஷியனிடம் "இன்னொரு தரம் எடுங்கம்மா" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஓட்டப் பயிற்சியில் இருக்கும் பையன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தினம் எட்டு, பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஓய்வில் துடிப்பு 45, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சேதி போகும் நேரம் 0.2 விநாடிக்கு மேல், அந்தச் சேதியைக் கடத்தும் வலது கிளையில் முழுமையாகாத அடைப்பு, தூக்கத்தில் அங்கங்கே ஒரு துடிப்பு கீழே இறங்காமல் நிற்பது, இவையெல்லாம் பயிற்சியால் வருபவை. விளையாட்டு வீரர்களின் இ.சி.ஜி.க்காக 2017-இல் வகுத்த சர்வதேச வரையறை இவற்றை இயல்பு என்றே சேர்த்திருக்கிறது. முப்பது, நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டு உடனே மறுபடி எடுத்தால் இவற்றில் பல சரியாகிவிடும். அந்த இரண்டாவது தாளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதே வரையறை இன்னொன்றும் சொல்கிறது: அந்தப் பத்து விநாடித் தாளிலேயே கீழறை எக்ஸ்ட்ரா துடிப்பு இரண்டு அல்லது அதற்கு மேல் விழுந்திருந்தால், பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எக்கோவும் (இதய ஸ்கேன்) ஹோல்டரும் (உடம்பில் மாட்டிக்கொள்ளும் 24 மணி நேர இ.சி.ஜி.) பார்த்தாக வேண்டும்.

வெயிலூரில் ஹோல்டர்

வேலூரை வெயிலூர் என்பது வேடிக்கைக்கு மட்டுமல்ல. 24 மணி நேர ஹோல்டர் பதிவு இங்கே கெட்டுப்போக முதல் காரணம் வியர்வை. குடியாத்தத்துத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து நெஞ்சுக்குப் போகும் ஒயர்கள், ஒட்டும் ஸ்டிக்கர்கள், அவ்வளவுதான் சாதனம். ஸ்டிக்கர் தூக்கிக்கொண்டால் பதிவு போச்சு. அவசரமில்லை என்றால் அக்னி நட்சத்திரம் கழியட்டும்.

மாட்டப் போகும் காலையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள். பிறகு 24 மணி நேரம் குளியல் கிடையாது. எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் நெஞ்சில் வேண்டாம். முடி இருந்தால் அந்த இடங்களில் மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பின் துணியால் லேசாகத் தேய்த்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. முன்பே பிரித்து வைத்த பாக்கெட்டின் ஸ்டிக்கர் என்றால் நடுவில் உள்ள ஜெல் காய்ந்திருக்கும். புதுப் பாக்கெட் கேளுங்கள். ஒவ்வொரு ஒயரையும் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையமாக மடித்து மைக்ரோபோர் டேப் போடச் சொல்லுங்கள். இழுத்தால் வளையம்தான் இழுபடும், ஸ்டிக்கர் நிற்கும். தொளதொளப்பான பருத்திச் சட்டை, பெண்களுக்கு நைட்டியோ தளர்ந்த சுடிதாரோ நல்லது. இறுக்கமான ஜாக்கெட் ஒயரை உரசும்.

அதற்காக நாள் முழுக்க ஃபேனடியில் படுத்துக்கிடக்கவும் வேண்டாம். கோட்டையைச் சுற்றி நடப்பவர் நடக்கட்டும், கடைக்குப் போகிறவர் போகட்டும். வழக்கமான நாளின் பதிவுதான் உபயோகம்.

கூடக் கொடுக்கும் குறிப்புத் தாளில் எழுத ஒன்றுமில்லை என்று தொந்தரவில்லாதவர்கள் வெறுமையாகத் திருப்பித் தருவார்கள். எழுதுங்கள், முக்கியமாகத் தூங்கிய நேரத்தை. ராத்திரி இரண்டு மணிக்கு 2 விநாடி நின்றதற்கும் பகல் இரண்டு மணிக்கு நின்றதற்கும் பொருள் வேறு. ஷிஃப்டு முடிந்து பகலில் தூங்கியவர் அதை எழுதாவிட்டால், தூக்கத்தின் இயல்பான மந்தம் விழித்திருக்கும்போது வந்த கோளாறாகப் படிக்கப்படும். பல் துலக்கிய நேரம், கல்லில் துணி துவைத்த நேரம், ஸ்கூட்டரில் குண்டும் குழியுமான ரோட்டில் போன நேரம், இவையும் வேண்டும். பல் துலக்கும் கை அசைவு பதிவில் அச்சு அசலாக ஆபத்தான வேகத்துடிப்பு மாதிரி விழும். பழகிய கண் அந்தக் கிறுக்கலுக்குள்ளே சாதாரண முனைகள் சீரான இடைவெளியில் நடந்து போவதைப் பிடித்துவிடும், "6.10, பல் துலக்கினேன்" என்று இருந்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

ரிப்போர்ட்டைப் படிப்பது

உதாரணத்துக்கு ஒரு தாள்: மொத்தத் துடிப்பு 1,03,000, குறைந்தது 41, அதிகாலை 3.40, கூடியது 148, நீண்ட இடைவெளி 2.1 விநாடி, வி.பி.சி. 640, ஏ.பி.சி. 85. வி.பி.சி. என்பது கீழறை எக்ஸ்ட்ரா, ஏ.பி.சி. மேலறை எக்ஸ்ட்ரா. 640 என்ற எண்ணைப் பார்த்துத்தான் மயக்கமே வரும். மொத்தத்தால் வகுங்கள்: 0.6 சதவீதம். எக்கோ நன்றாக இருந்தால் இந்தத் தாளுக்கு மருந்து கிடையாது.

வி.பி.சி. 10 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளைக்குச் சுமார் 10,000, தொந்தரவு இல்லாவிட்டாலும் கண்காணிப்பு வேண்டும்: வருஷம் ஒரு முறை எக்கோ, ஹோல்டர். 20 சதவீதத்தைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நல்ல இதயமும் தளர்ந்து பம்பு செய்யும் திறன் குறையக்கூடும். மாத்திரையா, குழாய் விட்டு அந்த இடத்தைச் சுட்டு அணைக்கும் அப்லேஷனா என்று இதய டாக்டரிடம் பேச வேண்டிய கட்டம். இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் வெகுவாக மாறும் என்பதால் ஒரு நாள் பதிவை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றோ அதற்கு மேலோ வி.பி.சி. தொடர்ச்சியாக வேகமாக ஓடியிருந்தால் சதவீதக் கணக்கை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ட்ரெட்மில்லில் ஓட ஓட வி.பி.சி. மறைவது நல்ல அடையாளம். ஓட ஓடப் பெருகினால் தேட வேண்டும். விழித்திருக்கும்போது 3 விநாடிக்கு மேல் நின்றிருந்தால் கட்டாயம் காட்டுங்கள். தூக்கத்தில் மட்டும் நிற்கிறது, குறட்டையும் பலம் என்றால் இதயத்துக்கு முன் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா எக்ஸ்ட்ராவையும் மாத்திரை போட்டு அழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் அதைச் செய்து பார்த்தார்கள். வி.பி.சி. மறைந்தது, மரணம் கூடியது. 1989-இல் சோதனையின் அந்தப் பகுதியையே நிறுத்தினார்கள். அதிலிருந்து எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மட்டும் மருந்து எழுதும் பழக்கம் போனது.

மருந்தைவிட முதலில் தேட வேண்டியவை: தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம், ஹீமோகுளோபின், தூக்கக்குறைவு, மது, ஆஸ்துமா பஃப்பை அளவுக்கு மீறி இழுப்பது, சளி மாத்திரையில் கலந்திருக்கும் மூக்கடைப்பு மருந்து. டீ காபி மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் அளவான காபியால் மேலறை எக்ஸ்ட்ரா கூடுவதில்லை, கீழறை எக்ஸ்ட்ரா ஓரளவு கூடலாம். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் குடியுங்கள்.

ஏ.எஃப். என்றால்

நடுங்கும் மேலறையின் ஓரப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு இல்லாதவருக்கு அந்த ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது; வாய் கோணி, கை விழுந்த பிறகுதான் நாடியையே முதன்முதலாகப் பார்க்கும் வீடுகள் உண்டு. வயசு 65 தாண்டியதா, 75 தாண்டியதா, பி.பி., சர்க்கரை, முன்பு பக்கவாதம், இதயத் தளர்ச்சி, ரத்தக்குழாய் நோய் உண்டா என்று மதிப்பெண் போட்டு ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை டாக்டர் முடிவு செய்வார். ஆஸ்பிரின் அந்த இடத்தை நிரப்பாது.

நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. சின்ன வயசு மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு முப்பது, நாற்பது வயசிலேயே ஏ.எஃப். வரும். வால்வு நன்றாகச் சுருங்கியிருந்தால் மதிப்பெண்ணே பார்க்காமல் உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும். அதிலும் புதுவகை மாத்திரையைவிட வார்ஃபரின் வகையே மேல் என்று 2022-இல் தெளிவானது. ஆகவே ஏ.எஃப். என்றதும் எக்கோ இல்லாமல் மருந்தை ஆரம்பித்துவிட்டுப் போகாதீர்கள். சி.எம்.சி. ஆனாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை ஆனாலும், ஓ.பி.யில் முதல் கேள்வியாக "வால்வு எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள்.

உண்மையிலேயே தொந்தரவு இல்லையா என்பதையும் ஒரு தடவை சோதியுங்கள். போன வருஷம் ரத்தினகிரி படியை நிற்காமல் ஏறியவர் இந்த வருஷம் இரண்டு இடத்தில் நின்றால் "வயசாயிடுச்சு" என்றுதான் சொல்வார். அவரிடம் கேட்காதீர்கள், கூட ஏறியவரிடம் கேளுங்கள்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை இன்னும் சில உண்டு: வீட்டில் யாராவது நாற்பது வயசுக்குள் திடீரென இறந்திருப்பது, தாளில் டெல்டா அலை, இடது கிளை அடைப்பு, புருகாடா என்ற சொற்கள், க்யூ.டி.சி. என்று அச்சாகும் அளவு 500 மில்லிவிநாடியைத் தொடுவது. ஓடும்போது மயங்கி விழுந்தவர், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தவர், முகம் கோணியவர் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

எடுத்த ஒவ்வொரு இ.சி.ஜி.யையும் வைத்திருங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பும் இப்படியேதான் இருந்தது என்று ஒரு பழைய தாள் காட்டினால் பல டெஸ்டுகள் மிச்சம். ஆனால் அது பெரும்பாலும் சூட்டில் எழுதும் தாள். பீரோமேல் வெயில் படும்படி போட்டால் ஒரு கோடையிலேயே வெளுக்கும், பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தால் முழுத்தாளும் கறுத்து வரும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, தேதியும் வயசும் அன்றைக்குச் சாப்பிட்ட மாத்திரையும் அதன் ஓரத்தில் எழுதி, செல்போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.